பேத்தியிடம் மகளைத் தேடிய தாத்தா

'கில்மோர் கேர்ள்ஸ்' தொடரை விரும்பிப் பார்த்தவர்களிடம் ஆறாவது சீசனைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், பேச்சு நேராக ரோரி மீதான புகாரில் போய் நிற்கும். அத்தனை புத்திசாலியான பெண், யேல் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டாள். தாத்தா ரிச்சர்டின் நம்பிக்கையைப் பாழாக்கினாள். பாவம் அந்தப் பெரியவர். இந்தப் புகாரில் பாதி உண்மை இருக்கிறது. ரிச்சர்ட் ஏமாந்தது உண்மை. அந்த வலி நடிப்பில்லாத வலி என்பதும் உண்மை. ஆனால் அந்த ஏமாற்றத்தை முழுக்க ரோரியின் கணக்கில் எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. ரிச்சர்ட் பேத்தியிடம் வைத்திருந்த நம்பிக்கையில் பெரும்பகுதி அவளைப் பற்றியதே அல்ல. மகளிடம் கைநழுவிப் போனதைப் பேத்தி மூலமாக மீட்டுக்கொள்ளலாம் என்ற ஆசை அது. அப்படி ஓர் ஆசையை ஒரு பதினாறு வயதுப் பெண்ணின் தலையில் ஏற்றினால், அவள் எவ்வளவு நன்றாகப் படித்தாலும் அது ஒருநாள் முறியும். தொடர் இதைத்தான் ஏழு சீசன்களாகப் பொறுமையாகக் காட்டுகிறது என்பது என் வாதம்.

பார்க்காதவர்களுக்காகப் பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஏமி ஷெர்மன்-பல்லடீனோ உருவாக்கிய இந்த அமெரிக்கத் தொடர் 2000 முதல் 2007 வரை 153 பகுதிகளாக ஒளிபரப்பானது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வாழும் பழைய பணக்காரத் தம்பதி ரிச்சர்ட், எமிலி. ரிச்சர்ட் காப்பீட்டுத் துறையில் உயர் பதவியில் இருப்பவர், யேலில் படித்தவர். அவர்களின் ஒரே மகள் லோரலை பதினாறு வயதில் கர்ப்பமாகிறாள். பெரியவர்கள் பேசி முடிக்கும் கல்யாணத்தை மறுத்து, கைக்குழந்தையோடு வீட்டைவிட்டு வெளியேறுகிறாள். ஸ்டார்ஸ் ஹாலோ என்ற சின்ன ஊரில் ஒரு விடுதியில் அறை துப்புரவு செய்யும் வேலையில் தொடங்கி, அதே விடுதியை நடத்தும் நிலைக்கு உயர்கிறாள். அந்தக் குழந்தைதான் ரோரி. சில்ட்டன் என்ற தனியார் பள்ளியில் ரோரிக்கு இடம் கிடைக்கிறது, கட்டணம் கட்ட லோரலையிடம் பணமில்லை. பெற்றோரிடம் கடன் கேட்கிறாள். எமிலி ஒரு நிபந்தனை போடுகிறார்: ஒவ்வொரு வெள்ளிக்கிழமை இரவும் அம்மாவும் பெண்ணும் வீட்டுக்குச் சாப்பிட வர வேண்டும். கதை அங்கே தொடங்குகிறது. தாத்தாவும் பேத்தியும் ஒருவரையொருவர் சரியாக அறிந்துகொள்வதே ஒரு கடன் ஒப்பந்தத்தின் விளைவாக என்பதை மறந்துவிடக் கூடாது. பின்னால் வரும் எல்லாவற்றுக்கும் அதுதான் அடித்தளம்.

ரிச்சர்டின் காயம் எவ்வளவு ஆழமானது என்பதை முதல் சீசனிலேயே காட்டிவிடுகிறார்கள். ரோரியின் அப்பா கிறிஸ்டோஃபர் ஊருக்கு வருகிறான். அவனுடைய பெற்றோரும் ரிச்சர்ட் வீட்டு விருந்துக்கு வருகிறார்கள். அவனுடைய அப்பா, தன் மகனின் எதிர்காலம் கெட்டது லோரலையால்தான் என்று அவள் முகத்துக்கு நேராகவே பேசுகிறார். அமைதியே உருவான ரிச்சர்ட் அந்த மனிதரோடு கைகலப்புக்கே போய்விடுகிறார். லோரலை நெகிழ்ந்துபோய், அப்பாவின் படிப்பறைக்கு வந்து அந்த ஆதரவுக்கு நன்றி சொல்ல வாயெடுக்கிறாள். அங்கே அவள் கேட்பது வேறு. தன் மகள் பள்ளியைவிட்டு நின்றதை நண்பர்களிடமும் உடன் வேலை செய்பவர்களிடமும் சொல்ல வேண்டியிருந்த அவமானம், அவள் வீட்டைவிட்டுப் போனபோது மனைவி பட்ட பாடு, எல்லாம் கொட்டுகிறது. பதினாறு ஆண்டுகள் கழித்தும் ஆறாத புண். இந்த ஒரு காட்சியை மனத்தில் வைத்துக்கொண்டு, அதே மனிதர் ரோரியைப் பார்க்கும்போதெல்லாம் அவர் கண்ணில் தெரியும் ஒளியைக் கவனியுங்கள். அந்த ஒளியில் பாசம் மட்டும் இல்லை, ஆறுதலும் இருக்கிறது. தன் குடும்பம் கெட்டுப்போகவில்லை, ஒரு தலைமுறை தள்ளி நிமிர்ந்துவிட்டது என்ற ஆறுதல்.

பாசம் பொய் என்று நான் சொல்லவில்லை. இந்தத் தொடரின் மிக இனிமையான உறவுகளில் ஒன்று இவர்களுடையது. தொடக்கத்தில் ஒருநாள், பள்ளிக்காக ரோரி கோல்ஃப் கற்றுக்கொள்ள வேண்டும் என்று எமிலியின் வற்புறுத்தலால் ரிச்சர்ட் அவளைக் கிளப்புக்கு அழைத்துப் போகிறார். இருவருக்குமே விருப்பமில்லாமல் தொடங்கும் அந்த நாள், புத்தகங்களைப் பற்றிய பேச்சில் மலர்ந்துவிடுகிறது. தன்னைப் போலவே வாசிக்கும் ஓர் உயிர் தன் ரத்தத்தில் இருக்கிறது என்பதை ரிச்சர்ட் கண்டுபிடிக்கும் இடம் அது. எட்வர்ட் ஹெர்மன் அந்தப் பாத்திரத்தில் நடித்த விதம் அற்புதம்: கம்பீரமான குரல், கழுத்தில் வில் வடிவ டை, அவற்றுக்கு நடுவே பேத்தியைக் கண்டதும் தன்னை மறந்து குழந்தையாகிவிடும் முகம். ஆனால் அந்த மகிழ்ச்சியிலேயே சிக்கலும் இருக்கிறது. லோரலை ஒதுக்கித் தள்ளிய அத்தனையையும், அந்த கிளப்பை, அந்த விருந்துகளை, அந்தப் பழக்கவழக்கங்களை, ரோரி முகம் சுளிக்காமல் ஏற்றுக்கொள்கிறாள். பாட்டியின் ஆசைக்காக, இளம்பெண்களை மேல்தட்டுச் சமூகத்துக்கு அறிமுகப்படுத்தும் நடன விழாவில் வெள்ளை உடையில் படியிறங்கி வருகிறாள். லோரலை வந்திருக்க வேண்டிய படி அது. ரிச்சர்டும் எமிலியும் அன்று கண்டது ஒரு பெண்ணையா, இரண்டு பெண்களையா என்று கேட்டால் எனக்குப் பதில் தெளிவாகவே தெரிகிறது.

அடுத்த சான்று யேல். சின்ன வயதிலிருந்து ரோரியின் கனவு ஹார்வர்ட். அவள் அறைச் சுவர் முழுக்க ஹார்வர்ட்தான். மூன்றாவது சீசனில் ரிச்சர்ட் தான் படித்த இடத்தைச் சுற்றிக் காட்டுவதாகச் சொல்லி எல்லோரையும் யேலுக்கு அழைத்துப் போகிறார். போன இடத்தில்தான் தெரிகிறது, சேர்க்கைக்குப் பொறுப்பானவரோடு ரோரிக்கு நேர்காணலை முன்கூட்டியே ஏற்பாடு செய்து வைத்திருக்கிறார். அவளிடம் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை. லோரலை கொதித்துப் போகிறாள். பின்னால் ரோரி நன்மை தீமைகளைப் பட்டியல் போட்டுத் தானே யேலைத் தேர்ந்தெடுக்கிறாள் என்பது சரிதான். ஆனால் அந்தத் தேர்வுக்குப் பிறகு பணம் வருகிறது. லோரலை பிறந்தபோது ரிச்சர்ட் அவள் பெயரில் செய்த முதலீடு 75,000 டாலராகத் திரும்பி வர, அவள் அதைக் கொண்டு சில்ட்டன் கடனை அடைத்துவிடுகிறாள். வெள்ளிக்கிழமைக் கட்டாயம் முடிந்தது என்று மூச்சு விடுகிறாள். அந்தத் தொகை கைக்கு வந்ததாலேயே ரோரிக்கு யேலின் கட்டண உதவி கிடைக்காமல் போகிறது. அம்மாவை அதே கவலையில் மறுபடி தள்ள விரும்பாத ரோரி, தானே போய்த் தாத்தா பாட்டியிடம் கடன் கேட்டு, வெள்ளிக்கிழமை விருந்துகளை மீண்டும் தன் தலையில் ஏற்றுக்கொள்கிறாள். அன்பும் கடனும் ஒரே கயிற்றில் பின்னப்படுகின்றன. அதன் பிறகு எது அன்பு, எது கடன் என்று அந்த வீட்டில் யாராலும் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

இப்போது அந்த வீழ்ச்சிக்கு வருவோம். ஐந்தாவது சீசனின் இறுதியில், பத்திரிகை முதலாளி மிட்சம் ஹன்ட்ஸ்பெர்கர் தன் நிறுவனத்தில் பயிற்சி பெற்ற ரோரியிடம், பத்திரிகையாளர் ஆவதற்கான திறன் அவளிடம் இல்லை என்று சொல்லிவிடுகிறார். பிறந்ததிலிருந்து பாராட்டை மட்டுமே கேட்டு வளர்ந்த பெண் அந்த ஒரே அடியில் நொறுங்கிப்போகிறாள். மிட்சமின் மகன் லோகனோடு சேர்ந்து ஒரு படகைத் திருடி, கைதாகி, 300 மணி நேரச் சமூக சேவைத் தண்டனை பெறுகிறாள். படிப்பையும் நிறுத்துகிறாள். லோரலை உடனே பெற்றோரிடம் ஓடுகிறாள்: மூவரும் சேர்ந்து உறுதியாக நின்றால் இவளைத் திரும்பக் கல்லூரிக்கு அனுப்பிவிடலாம் என்கிறாள். அவர்களும் சம்மதிக்கிறார்கள். ஆனால் ரோரி அழுதுகொண்டு வந்து நின்றதும், மகளுக்குக் கொடுத்த வாக்கை மீறி, நீச்சல்குள வீட்டை அவளுக்குத் திறந்துவிடுகிறார்கள். ஏன்? கருணை என்று சொல்லலாம். கருணையும் இருந்தது. ஆனால் இருபது ஆண்டுகளுக்கு முன் ஓர் இளம்பெண் இதே வீட்டைவிட்டு வெளியேறினாள். இன்று ஓர் இளம்பெண் இதே வீட்டுக்குள் வருகிறாள். அந்தக் கதவை மூட அவர்களால் எப்படி முடியும்? ரோரிக்கு எது நல்லது என்ற கேள்வியை, இவளும் நம்மைவிட்டுப் போய்விடுவாளோ என்ற பயம் விழுங்கிவிட்டது.

அதன் விளைவைத்தான் ஆறாவது சீசன் காட்டுகிறது, அதில் நடப்பதுதான் என் வாதத்துக்கு முக்கியமான ஆதாரம். தொடக்கத்தில் ரோரி அந்த வீட்டில் எந்தச் சண்டையும் போடுவதில்லை. பாட்டியோடு 'அமெரிக்கப் புரட்சியின் புதல்விகள்' என்ற பெண்கள் சங்கத்தில் சேர்கிறாள், அதன் அலுவலகத்தில் வேலை செய்கிறாள், விருந்துகளை நேர்த்தியாகத் திட்டமிடுகிறாள், மேசை அலங்காரங்களைப் பற்றி அக்கறையோடு பேசுகிறாள். லோரலையிடம் கிடைக்காத அந்த அடக்கமான, நாகரிகமான பணக்கார வீட்டுப் பெண் கடைசியில் ரிச்சர்டுக்குக் கிடைத்துவிட்டாள். அப்படியானால் அவர் மகிழ்ந்திருக்க வேண்டும் அல்லவா? அவர் துவண்டுபோகிறார். மிட்சம் சொன்னது தெரியவந்ததும் அவரோடு நேருக்கு நேர் மோதுகிறார். வீட்டில் நடக்கும் சங்கப் பேச்சுகளைக் கேட்கக் கேட்க, உலகத்தைச் சுற்றி வந்து எழுதப்போகிறாள் என்று நினைத்த பெண் தன் கண்ணெதிரிலேயே சிறுத்துக்கொண்டு வருவதை உணர்கிறார். கடைசியில் லோரலையைத் தேடிப் போய், நீ சொன்னதுதான் சரி என்று ஒப்புக்கொள்கிறார். அவருடைய ஏமாற்றத்தின் உள்ளே இருந்த முரண் இங்கே வெளிப்படுகிறது. அவர் ரோரியிடம் உண்மையில் நேசித்தது அவளுடைய தாகத்தை, தனித்து நிற்கும் துணிவை. அவற்றை ஊட்டி வளர்த்தவள் அவர் தோல்வி என்று கருதிய மகள். தன் வீட்டின் வசதியும் பழக்கமும் நான்கைந்து மாதங்களில் அவற்றை மங்கவைத்துவிட்டன என்பதை அவர் கண்ணாரக் கண்டார். பேத்தி ஏமாற்றினாள் என்பதைவிட, தன் உலகம் தன்னை ஏமாற்றியது என்பதுதான் அந்தத் துயரத்துக்குச் சரியான விளக்கம்.

இதற்கு வரக்கூடிய முதல் மறுப்பு பணத்தைப் பற்றியது. கட்டணத்தைக் கட்டியவருக்கு எதிர்பார்க்க உரிமை இல்லையா? பேரப்பிள்ளையின் படிப்புக்குச் செலவழிக்கும் எந்தப் பெரியவரும் கேட்கக்கூடிய நியாயமான கேள்வி இது. எதிர்பார்க்கலாம். பொறுப்பாகப் படி என்று சொல்லலாம், ஏன் நிறுத்தினாய் என்று கேட்கலாம், நிறுத்தினால் பணம் தரமாட்டேன் என்றும் சொல்லலாம். ரிச்சர்ட் இதில் எதையும் உரிய நேரத்தில் செய்யவில்லை என்பதுதான் என் குறை. கண்டிக்க வேண்டிய நேரத்தில் கதவைத் திறந்துவிட்டு, பிறகு மனத்துக்குள் உடைந்தார். பணத்தின் நோக்கம் எதுவாக இருந்தது என்பதை ஆறாவது சீசனின் பிற்பகுதி இன்னும் தெளிவாக்குகிறது. ரோரி தானாகவே யேலுக்குத் திரும்புகிறாள். குடும்பச் சொத்து கைக்கு வந்த கிறிஸ்டோஃபர், தன் மகளின் கட்டணத்தைத் தானே கட்டுகிறேன் என்று முன்வருகிறான். படிப்பு நடக்க வேண்டும் என்பது மட்டுமே நோக்கமாக இருந்திருந்தால் பாரம் குறைந்தது என்று தாத்தா பாட்டி நிம்மதி அடைந்திருப்பார்கள். அவர்களோ புண்பட்டுப்போகிறார்கள். கட்டணம் அவர்களுக்குச் செலவல்ல, உறவைப் பிடித்துவைக்கும் கைப்பிடி. உதவியைப் பிடியாக மாற்றிவிட்டால், அந்த உதவி தேவைப்படாமல் போகும் நாளே துக்க நாளாகிவிடும். பிள்ளைகளின் வளர்ச்சியை நாம் கொண்டாட முடியாமல் போவது இப்படித்தான்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. ரிச்சர்டை விடுங்கள், ரோரி உண்மையிலேயே தவறியவள்தானே? 2016-இல் நெட்ஃபிளிக்ஸில் நான்கு பகுதிகளாக வந்த தொடர்ச்சியைப் பாருங்கள்: முப்பத்திரண்டு வயதிலும் நிலையான வேலை இல்லை, சொந்த இருப்பிடம் இல்லை, வேறொரு பெண்ணுக்கு நிச்சயமான லோகனோடு ரகசிய உறவு. தாத்தாவின் ஏமாற்றம் தீர்க்கதரிசனம் போல ஆகிவிடவில்லையா? ரோரிக்கு நான் வக்காலத்து வாங்கப் போவதில்லை. படகைத் திருடியது அவள், ஒரே விமர்சனத்தில் சுருண்டது அவள், அம்மாவோடு மாதக்கணக்கில் பேசாமல் இருந்ததும் அவள். ஆனால் விமர்சனத்தைத் தாங்கும் பலம் அவளுக்கு ஏன் வாய்க்கவில்லை என்று கேட்டுப் பாருங்கள். ஒரு குடும்பத்தின் பழைய தோல்விகளுக்கெல்லாம் பரிகாரமாக வளர்க்கப்பட்ட பெண் அவள். லோரலைக்கும் அவள்தான் வாழ்க்கையின் நியாயம், ரிச்சர்டுக்கும் அவள்தான் பரம்பரையின் மீட்சி. அப்படிப்பட்டவளுக்கு ஒரு சாதாரணத் தோல்விகூடச் சாதாரணமாக இருக்க முடியாது; அவர்கள் இருவரின் கனவும் அவளோடு சேர்ந்து விழுகிறது. சுமையை ஏற்றியவர்களில் ஒருவர் தாத்தா என்பதால், சுமந்தவள் தடுமாறியதில் அவருக்கும் பங்கு உண்டு. அவளை மீட்டெடுத்ததும் அந்த வீடு அல்ல. பழைய காதலன் ஜெஸ் வந்து ஏன் படிப்பை விட்டாய் என்று உரக்கக் கேட்ட பிறகுதான் அவள் விழிக்கிறாள். ஒரு பத்திரிகை ஆசிரியர் பின்னால் விடாப்பிடியாக அலைந்து வேலை வாங்குகிறாள். பிறகு கல்லூரிக்குத் திரும்புகிறாள். எதையும் எதிர்பார்க்காத ஒருவன் கேட்ட கேள்வி, எல்லாவற்றையும் எதிர்பார்த்தவர்களின் அடைக்கலத்தைவிடப் பயன்பட்டது.

ரிச்சர்ட் இதை முன்பே அறிந்திருக்க முடியும் என்பதற்கும் தொடரிலேயே ஆதாரம் உண்டு. யேலில் படித்தபோது அவருக்குப் பெனிலின் லாட் என்ற பெண்ணோடு நிச்சயம் ஆகியிருந்தது. அதை விட்டுவிட்டு எமிலியை மணந்தார். கல்யாணத்துக்கு முன் எமிலி வேண்டாம் என்று மன்றாடி அவருடைய அம்மா எழுதிய கடிதம், அந்த அம்மா இறந்த பிறகு எமிலியின் கையிலேயே சிக்குகிறது. ஆக, பெரியவர்களின் கனவை மீறித்தான் ரிச்சர்ட் தன் வாழ்க்கையை அமைத்துக்கொண்டார், அந்த வாழ்க்கை நன்றாகவே அமைந்தது. தன் அம்மாவின் ஏமாற்றம் தன் குற்றமல்ல என்று வாழ்ந்து காட்டியவர், மகள் விஷயத்திலும் பேத்தி விஷயத்திலும் அதே நியாயத்தை நினைக்கவில்லை. இதை அவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றச் சொல்லவில்லை. இளமையில் நாம் எடுத்துக்கொண்ட சுதந்திரம் முதுமையில் நமக்கு மறந்துவிடுகிறது. அடுத்தவர் அதை எடுக்கும்போது துரோகமாகத் தெரிகிறது. இது பணக்கார அமெரிக்கக் குடும்பத்தின் பிரச்சினைதானே என்று கேட்பவர்களுக்கும் என் பதில் இதுவே. மாளிகையும் கிளப்பும் அவர்களுக்கு உரியவை. பிள்ளை முறித்த கனவைப் பேரப்பிள்ளையிடம் ஒட்டவைக்கப் பார்க்கும் மனசு எந்த ஊருக்கும் உரியது.

அப்படியானால் தாத்தா நம்பிக்கையே வைக்கக் கூடாதா? வைக்க வேண்டும். ரிச்சர்டின் நல்ல பக்கமே அதற்குச் சாட்சி. ஏழாவது சீசனில் அவர் யேலில் பொருளாதாரம் கற்பிக்க வருகிறார், ரோரி அவர் வகுப்பில் உட்கார்கிறாள். அங்கே அவர் தன்னிடம் இருக்கும் அறிவைக் கொடுக்கிறார், அவள் விரும்பி எடுத்துக்கொள்கிறாள். யாரும் யாருக்கும் கடனாளி இல்லை. அந்த வகுப்பிலேயே அவருக்கு மாரடைப்பு வந்து, பேத்தியின் கண்முன்னே சரிகிறார். பிழைத்து எழுந்தவர், இறுதிப் பகுதியில் ரோரியை வழியனுப்ப ஊரே திரண்டு நிற்பதைப் பார்த்துவிட்டு லோரலையிடம் பேசுகிறார். இத்தனை பேர் வந்திருப்பது ரோரிக்காக மட்டுமல்ல, உனக்காகவும்தான் என்ற பொருளில் அவர் சொல்லும் அந்தப் பாராட்டு, முதல் சீசனின் படிப்பறைப் பேச்சுக்கு ஆறு ஆண்டுகள் கழித்து வந்த பதில். மகளை மகளாகப் பார்க்க முடிந்த பிறகுதான் பேத்தியைப் பேத்தியாகப் பார்க்க அவரால் முடிந்தது. அன்று ரோரி போவது ஒபாமாவின் தேர்தல் பயணத்தைப் பின்தொடர்ந்து எழுத. ரிச்சர்ட் திட்டமிட்ட பாதையில் அப்படியொரு வேலை இருந்ததில்லை. அவர் முகத்தில் அன்று ஏமாற்றமும் இல்லை.

எட்வர்ட் ஹெர்மன் 2014 டிசம்பர் 31 அன்று காலமானதால், 2016-இல் வந்த தொடர்ச்சியில் ரிச்சர்டும் இறந்தவராகவே இருக்கிறார். அதில் லோரலை தன் அம்மாவைத் தொலைபேசியில் அழைத்து, அப்பாவைப் பற்றிய தன் மிக நல்ல நினைவைச் சொல்கிறாள். பதின்மூன்றாவது பிறந்தநாளில், ஒரு பையனால் மனம் உடைந்து, பள்ளிக்குப் போகாமல் வணிக வளாகத்தில் போய் உட்கார்ந்திருந்தவளை அப்பா கண்டுபிடித்துவிடுகிறார். திட்டப்போகிறார் என்று அவள் நடுங்கிக்கொண்டிருக்க, அவர் எதுவும் கேட்காமல் ஒரு பிரெட்செல் வாங்கிக் கொடுத்து, சினிமாவுக்கு அழைத்துப் போகிறார். அவர் கட்டிய கட்டணங்கள், செய்த முதலீடுகள், ஏற்பாடு செய்த நேர்காணல்கள் எத்தனையோ இருக்க, மகளின் மனத்தில் தங்கியது அவர் எந்தக் கணக்கும் வைக்காமல் கூட இருந்த ஒரு பிற்பகல். அந்த மனிதர் ரிச்சர்டுக்குள் எப்போதும் இருந்தார். நிறைவேறாத கனவுகள்தான் அவரை அடிக்கடி மறைத்துவிட்டன. பேரப்பிள்ளைகள்மேல் நம்பிக்கை வைத்திருக்கும் பெரியவர்கள் தங்களிடம் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வியாக நான் இதைத்தான் பார்க்கிறேன்: இந்த ஆசை இந்தக் குழந்தையைப் பார்த்து எனக்குள் பிறந்ததா, அல்லது இவள் பிறப்பதற்கு முன்பே என்னிடம் இருந்ததா? முன்பே இருந்தது என்றால், அதை நிறைவேற்றும் கடமை அவளுக்கு இல்லை. அது நிறைவேறாதபோது வரும் வருத்தத்தை அவள் தோளில் போடாமல் தானே சுமப்பதுதான் பெரியவருக்கு அழகு.